பழைய புல்லட்டும் பழி சுமந்த கார்புரேட்டரும்

துவாக்குடியைத் தாண்டியதும் வண்டி நின்றது. முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நின்றது. பொன்மலையிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிவரும் புல்லட், சொல்லாமல் கொள்ளாமல் அடங்கிவிடும். வேப்ப மர நிழலில் அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் முதல் உதையிலேயே கிளம்பும். பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர், லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்து பார்த்த ஓட்டுநர், தொலைபேசியில் கேட்டுக்கொண்ட மெக்கானிக், எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "கார்புரேட்டரில் அடைப்பு." பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பகுதி அது. நானும் நம்பினேன். மூன்று மாதங்களில் அந்தக் கார்புரேட்டரைப் பதினொரு முறை கழற்றினேன். அவற்றில் மூன்று முறைதான் உண்மையிலேயே தேவைப்பட்டது. மற்ற எட்டு முறையும், தான் செய்யாத தவற்றுக்காக அது கழற்றப்பட்டது. பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்காவது அந்த எட்டு முறை மிச்சமாகும் என்றால், இதை எழுதிய பயன் எனக்குக் கிடைத்துவிடும்.

வண்டி அப்பாவுடையது. 1991-இல் திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த புல்லட் 350. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் வண்டி. 346 சி.சி. எஞ்சின், வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். வண்டியை அவரைத் தவிர வேறு யாரும் கழற்றியதில்லை. 2018-இல் அவர் காலமான பிறகு ஐந்து ஆண்டுகள் வண்டி கொட்டகையில் நின்றது. டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தது. டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் காக் வால்வை மூடினேன். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் தேங்கியிருந்ததை வடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முதல் சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகும்போது முழுவதும் ஆவியாவதில்லை. பழுப்பு நிறத்தில் பிசின் போன்ற ஒரு படலத்தை விட்டுச்செல்கிறது. பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையிட்ட திருகுக்கு ஜெட் என்று பெயர். ஆக்சிலேட்டரை நன்கு திறக்கும்போது உதவும் பெரிய மெயின் ஜெட்டை அந்தப் படலம் அடைப்பது கடினம். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது உதவும் சிறிய ஸ்லோ ஜெட்டை அடைப்பது மிக எளிது. என் வண்டியின் ஸ்லோ ஜெட்டில் 25 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. துளையின் விட்டம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். தலைமுடியைவிடச் சில மடங்குதான் பெரியது. அது அடைபட்டால் வண்டி சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் வழி) போட்டால் மட்டும் உயிர்பெறும், சோக்கை எடுத்தால் அணையும், ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். நீண்ட நாள் நின்ற வண்டியில் இந்த அறிகுறிகள் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். அடைப்பு ஸ்லோ ஜெட்டிலோ, அதற்கு வரும் பாதையிலோதான் இருக்கும்.

நான் அப்போது இதையெல்லாம் அறியாமல் நகரத்தில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். அங்கிருந்தவர் பழைய கிளட்ச் கேபிளிலிருந்து ஓர் எஃகு இழையைப் பிரித்து, ஜெட்டுக்குள் விட்டு நாலைந்து முறை குத்தி எடுத்தார். அடைப்பு போனது, வண்டியும் ஓடியது. ஆனால் ஜெட் பித்தளை. எஃகு அதைவிடக் கடினமானது. துளையின் விளிம்பு சிதைந்து அகன்றுவிட்டது. வீட்டுக்கு வந்த மறுநாளே, ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் தானே ஓடும் ஐட்லிங்கில் கரும்புகை, பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கில் கரி, பெட்ரோல் வாடை. 25 என்று எண் போட்ட ஜெட் இப்போது எந்த அளவு என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணை நம்பி டியூனிங் செய்பவர் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கம்பியால் ஜெட்டைக் குத்துவது நம் ஊரில் அவ்வளவு இயல்பாக நடக்கிறது.

புதிய ஜெட் வாங்கி, முதன்முறையாக நானே கார்புரேட்டரைக் கழற்றினேன். அதன் பிறகு கடைப்பிடிக்கும் முறை இது. முதலில் ரப்பர் ஓ-ரிங், மிதவை, பேக்கிங் எல்லாவற்றையும் எடுத்துத் தனியாக வைத்துவிடுவேன். துப்புரவு திரவம் பட்டால் ரப்பர் உப்பிவிடும். ஜெட்டுகளை ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் கார்புரேட்டர் கிளீனரில் இரவு முழுவதும் ஊறவிடுவேன். மறுநாள் பங்க்சர் கடைக்கு எடுத்துச்சென்று காற்றடிப்பேன். அதற்கும் அசையாத அடைப்பு என்றால், மின்கம்பியின் உள்ளிருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றை மட்டும் பயன்படுத்துவேன். செம்பு மென்மையானது, பித்தளையைக் கீறாது. பிறகு ஜெட்டை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி வட்டமாகத் தெரிய வேண்டும். பிறையாகத் தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது.

ஜெட்டைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். கார்புரேட்டரின் உடலுக்குள்ளேயே சன்னமான பாதைகள் ஓடுகின்றன. ஐட்லிங்கில் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் கிளீனரைத் தெளித்தால், காற்றுக் குழலின் தரையில், ஆக்சிலேட்டரைத் திருகினால் உயரும் ஸ்லைடுக்கு அருகே இருக்கும் ஊசிமுனைத் துளையிலிருந்து அது பீறிட்டு வர வேண்டும். வராவிட்டால் பாதை அடைபட்டிருக்கிறது. பீறிடும் திரவம் நேராக முகத்துக்குத்தான் வரும். எனக்குக் கண்ணில் பட்டு, குழாயடியில் கால் மணி நேரம் கழுவ வேண்டியிருந்தது. கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

அடுத்த வாரம் வேறொரு தொல்லை. காலையில் கொட்டகையைத் திறந்தால் தரையில் பெட்ரோல் ஈரம். ஓவர்ஃப்ளோ. மிதவை உயரும்போது ஒரு ஊசி வால்வு மேலெழுந்து பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டும். அந்த ஊசிக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஒரு துகள் மாட்டிக்கொண்டாலே போதும், பெட்ரோல் நிற்காமல் வழியும். துகள் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. டேங்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிப்பகுதி முழுக்கச் செந்துரு. வால்வை எத்தனை முறை துடைத்தாலும் டேங்க் மீண்டும் மீண்டும் துகள் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்.

ஓவர்ஃப்ளோவை அலட்சியமாக விடக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று தீ, சூடான எஞ்சின்மீது சொட்டும் பெட்ரோலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது பலருக்குத் தெரியாதது: வழிகிற பெட்ரோல் வெளியே மட்டும் போவதில்லை. இன்டேக் வால்வு திறந்த நிலையில் வண்டி நின்றிருந்தால், சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவுகோலை எடுத்து முகர்ந்தபோது பெட்ரோல் வாடை தெளிவாக அடித்தது. நீர்த்துப்போன ஆயிலில் எஞ்சினை ஓட்டுவது பேரிங்குகளுக்குச் செய்யும் கேடு. அன்றே ஆயிலை மாற்றினேன்.

டேங்கை இறக்கி, வினிகர் நிரப்பி இரண்டு நாள் வைத்தேன். நடுநடுவே உள்ளே கொஞ்சம் நட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, வெயிலில் காயவைத்து, உடனே சிறிது ஆயில் கலந்த பெட்ரோலால் உள்சுவர் முழுவதையும் நனைத்தேன். வெறும் டேங்கைக் காயப்போட்டு மறந்துவிட்டால் மறுநாளே புதுத் துரு பூத்துவிடும். கழிப்பறை ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது துருவோடு சேர்த்துத் தகட்டையும் தின்னும். முப்பது ஆண்டுப் பழைய தகட்டுக்கு அந்தச் சோதனை வேண்டாம். பெட்ரோல் டியூபில் ஒரு ஃபில்டரும் போட்டேன். அதிலும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. புல்லட்டில் பம்பு கிடையாது, பெட்ரோல் தன் எடையால்தான் இறங்குகிறது. காகித ஃபில்டர் போட்டால் ஓட்டம் குறையலாம். சன்னமான வலை வைத்த ஃபில்டர்தான் பொருத்தம். போட்ட பிறகு டியூபைக் கார்புரேட்டரிலிருந்து உருவி ஒரு பாட்டிலில் விட்டு, டேங்க் மூடியை மூடிய நிலையில் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். தாரை அறுபடாமல் விழ வேண்டும். டேங்க் மூடி என்று சொல்கிறேனே, அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி டியூனிங். அதில் எனக்கு மிகப் பெரிய உதவி செய்தது ஒரு துண்டு வெள்ளை டேப். ஆக்சிலேட்டர் பிடியைச் சுற்றி அதை ஒட்டி, முழுக்க மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுவதும் திறந்த நிலை என்று பேனாவால் ஐந்து கோடுகள் போட்டேன். ஸ்விட்ச் பக்கம் அசையாத இடத்தில் ஒரு கோடு. இப்படிச் செய்ததற்குக் காரணம், இந்த வகைக் கார்புரேட்டரில் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்பதை எஞ்சினின் வேகமோ வண்டியின் வேகமோ முடிவு செய்வதில்லை. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டு. கால் முதல் முக்கால் வரை, ஸ்லைடோடு சேர்ந்து உயரும் ஊசியான நீடில். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் கோடு கிழித்ததுபோலப் பிரிந்திருப்பதில்லை, ஒன்றில் ஒன்று கலந்திருக்கும். ஆனாலும் "நாற்பதில் போனால் முக்குகிறது" என்று சொல்வதைவிட "அரைக் கோட்டில் முக்குகிறது" என்று சொல்ல முடிந்தால் நோய் எங்கே என்று பாதி தெரிந்துவிடும். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன், அரை ஆக்சிலேட்டரில் இருந்த குறைக்காக நான் மெயின் ஜெட்டை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். அந்த எட்டு வீண் கழற்றல்களில் இரண்டு அவை.

ஏர் ஸ்க்ரூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடேற்றிய பிறகே அதைத் தொட வேண்டும். மெல்ல உள்ளே திருகி, முட்டியதும் நிறுத்தி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே கொண்டுவந்து தொடங்கலாம். கால் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் காது கொடுத்துக் கேட்டு, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். என் வண்டியில் இந்தத் திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிறது. வெளியே எடுத்தால் காற்று கூடும். வேறு சில கார்புரேட்டர்களில் எஞ்சின் பக்கம் இருக்கும். அங்கே வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். ஒருவர் சொன்ன சுற்றுக்கணக்கை இன்னொருவர் வண்டியில் அப்படியே வைப்பதால் வரும் குழப்பம் இங்கிருந்துதான். திருகை முழுக்க உள்ளே விட்டாலும் மூன்று சுற்று வெளியே எடுத்தாலும் எஞ்சின் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால், அதுவும் ஒரு பதில்தான்: ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது வேறெங்கோ காற்று புகுகிறது.

எனக்கு அந்த இரண்டாவது பதில் கிடைத்தது. ஆக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் சில விநாடிகள் தொங்கி நின்று பிறகுதான் இறங்கியது. ஒரு நாள் ஐட்லிங் அதிகம், மறுநாள் குறைவு. கார்புரேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் கிளீனரை லேசாகத் தெளித்தேன்; எஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது. அந்த இடுக்கு வழியாகக் காற்று போகிறது என்று பொருள். (சைலன்சர் குழாய் சூடாக இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. எஞ்சினைத் தொடங்கிய உடனே, துளியளவு மட்டும்.) கழற்றி, கார்புரேட்டரின் முகப்பை ஒரு கண்ணாடித் துண்டின்மீது வைத்துப் பார்த்தால் அது தராசுத் தட்டுபோல ஆடியது. இரு பக்க நட்டுகளையும் பல ஆண்டுகளாக இறுக்கி இறுக்கி, முகப்பு வளைந்திருந்தது. அது மென்மையான உலோகம். இறுக்கினால் அடைபடும் என்று நினைத்து இறுக்க இறுக்க இடைவெளி கூடத்தான் செய்யும். கண்ணாடிமேல் சன்ன உப்புத்தாளை விரித்து, முகப்பை எட்டு வடிவில் தேய்த்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மின்னத் தொடங்கியதும் நிறுத்தி, புது ஓ-ரிங் போட்டு, இரு நட்டுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டினேன். ஐட்லிங் அன்றைக்குத்தான் முதன்முறையாக அப்பா காலத்துச் சத்தத்தில் வந்தது. ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணிவிடலாம்.

இவ்வளவு செய்த பிறகும் துவாக்குடியில் நின்றது. அதனால்தான் மனம் ஒடிந்தேன். ஸ்லோ ஜெட் புதிது, டேங்க் சுத்தம், முகப்பு நேர், ஐட்லிங் கடிகாரம்போல. இருபது நிமிடம் ஆனால் மட்டும் நின்றுவிடுகிறது. மீண்டும் கழற்றினேன், மீண்டும் சுத்தம் செய்தேன். வேறொரு கார்புரேட்டரைக் கடன் வாங்கிப் போட்டும் பார்த்தேன். அதுவும் அதே இடத்தில் நின்றது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பாலக்கரையில் ஒரு பெரியவர் இருக்கிறார். அப்பாவின் வயது, பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதும் வண்டியைப் பார்க்காமல் என்னைக் கேட்டார்:

"தம்பி, இருமி இருமி நின்றதா, விளக்கை அணைத்ததுபோல நின்றதா?"

"விளக்கை அணைத்ததுபோலத்தான், பாய்."

"அப்படியென்றால் கார்புரேட்டரை ஏன் கழற்றினாய்? கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும். மேலிருந்து வருவது நின்றாலும் எஞ்சின் அதைக் குடித்துக்கொண்டு தள்ளாடும், இழுவை குறையும், இருமும், பிறகுதான் நிற்கும். வெட்டினாற்போல நின்றால் அது கரண்ட்."

மகனை அனுப்பி எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை வண்டியை ஓட்டிவரச் சொன்னார். நின்ற உடனே அங்கேயே பிளக்கைக் கழற்றச் சொல்லியிருந்தார். பிளக் ஈரமாக இருந்தது. பெட்ரோல் வந்திருக்கிறது, எரிய வைக்கத்தான் ஆளில்லை. பிளக்கைக் கேபிளில் மாட்டி, பிளக் துளையிலிருந்து நன்கு தள்ளி உலோகத்தில் தொட வைத்துக் கிக்கரை மிதித்தால், வந்தது வெளிறிய ஆரஞ்சுப் பொறி. பிளக்கில் பொறி எழுவதற்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் மூடியைத் திறந்தால் அங்கே பொறி பிரகாசமாகப் பறந்தது. பாயிண்டின் முகம் கருகிக் குழிந்திருந்தது. "கண்டென்சர்" என்றார். பாயிண்டில் பொறி பறக்காமல் தடுப்பது அதன் வேலை. உள்ளே பழுதான கண்டென்சர் குளிர்ந்திருக்கும்போது சரியாக வேலை செய்யும், சூடேறியதும் கைவிட்டுவிடும். அரை மணி நேரம் நிழலில் ஆறினால் மீண்டும் சரியாகும். கார்புரேட்டரில் அடைப்பு என்று நம்ப வைக்க இதைவிடப் பொருத்தமான வேஷம் இல்லை.

புதிய கண்டென்சருக்கு இரண்டு சாப்பாட்டுக் காசுகூட ஆகவில்லை. எஞ்சின் சூடு படாதபடி இக்னிஷன் காயிலுக்கு அருகே அதைப் பொருத்தினார். பாயிண்டைத் தேய்த்துச் சமமாக்கி, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்தார். வால்வைத் திறக்கும் புஷ்ராடு என்ற தண்டின் இடைவெளியைத் தீர்மானிக்கும் டேப்பெட்டையும் பார்த்தார். குளிர்ந்த எஞ்சினில், கம்ப்ரெஷன் நிலையில், புஷ்ராடு விரலால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. என்னுடையதில் ஒன்று இறுகியிருந்தது. இறுகிய டேப்பெட் வால்வை முழுவதும் மூட விடாது. கிளம்ப மறுக்கும், ஐட்லிங் தடுமாறும். அதற்கும் ஊரில் கார்புரேட்டரைத்தான் சொல்வார்கள். அன்றிலிருந்து என் வரிசை மாறிவிட்டது. முதலில் டேப்பெட், பிறகு பாயிண்டும் பிளக்கும், பிறகு பெட்ரோல் இறங்கும் வேகம், கடைசியாகத்தான் கார்புரேட்டர்.

பாயின் கேள்வி மூன்று வாரம் கழித்து எனக்கு மீண்டும் பயன்பட்டது. தஞ்சாவூர் போகும் வழியில் செங்கிப்பட்டிக்கு அருகில் வண்டி முக்கத் தொடங்கியது. இந்த முறை இருமல். சோக்கைப் போட்டதும் கொஞ்சம் தேறியது, பிறகு மீண்டும் தள்ளாடியது. சோக் போட்டால் தேறுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திருகினேன். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்ட சத்தம் கேட்டது. டேங்கைச் சுத்தம் செய்தபோது புதிதாக வாங்கிப் போட்ட மூடியில் காற்றுத் துளை சரியாக இல்லை. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் மேலேயே நின்றுவிடும். மூடியைத் தளர்த்தி வைத்து நிதானமாகத் தஞ்சாவூர் சேர்ந்தேன். வீட்டில் பாட்டில் சோதனை செய்தேன் என்று சொன்னேன் அல்லவா, அதை ஒரு நிமிடத்துக்குப் பதில் அரை லிட்டர், ஒரு லிட்டர் இறங்கும்வரை செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

எல்லாம் சரியான பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. டேப்பின் அரைக் கோட்டில், சீராக ஓட்டும்போது, எஞ்சின் லேசாகத் தயங்கியது. கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. அந்த நிலையிலேயே சற்று தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்துப் பிளக்கைப் பார்த்தேன். வெள்ளை. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். ஐட்லிங்கில் நின்ற வண்டியின் பிளக்கைப் பார்த்தால் ஐட்லிங்கைப் பற்றி மட்டும்தான் தெரியும். எந்தக் கோட்டில் குறையோ அந்தக் கோட்டில் ஓட்டி, அங்கேயே அணைத்துப் பார்க்க வேண்டும்.

கருவிப் பெட்டியில் அப்பாவின் பாக்கெட் நோட்டு இருந்தது. 1994-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில் அவர் கையெழுத்தில் "ஏர் 1½, நீடில் 3" என்று இருந்தது. நான் அப்படியேதான் வைத்திருந்தேன். அவர் வைத்த அளவு தவறாக இருக்காது என்ற நம்பிக்கை. அளவில் தவறில்லை, பெட்ரோல்தான் மாறிவிட்டது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல். 2022-இல் பத்து சதவீதம் எத்தனால். 2023 பிப்ரவரியில் இருபது சதவீதக் கலவையின் விற்பனை தொடங்கியது. ஒரு கிராம் தூய பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இருபது சதவீதம் எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 கிராம் போதும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதுதான் காரணம். இன்ஜெக்ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டர் இதைக் கண்டுகொண்டு கூடுதலாகத் தெளிக்கும். என் கார்புரேட்டருக்குத் துளையின் அளவு மட்டுமே தெரியும். அப்பாவின் காலத்தில் சரியாக இருந்த அதே கலவை, இன்றைய பெட்ரோலில் காற்று மிகுந்த கலவையாகிவிடுகிறது. எஞ்சின் கூடுதலாகச் சூடாவதும் அதனால்தான்.

நீடிலை மாற்றக் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. மேல்மூடியைத் திருகி ஸ்லைடை உருவினால் போதும். நீடிலின் தலையில் சில காடிகள் இருக்கும், ஒன்றில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். மேலிருந்து மூன்றாவதில் இருந்ததை நான்காவதுக்கு மாற்றினேன். வேறெதையும் தொடவில்லை, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் என்பதில் பாய் கண்டிப்பானவர். ஒரே நாளில் ஜெட்டையும் நீடிலையும் மாற்றினால், எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. அடுத்த ஓட்டத்தில் தும்மல் இல்லை. பிளக் தேநீர் நிறத்துக்கு வந்தது. லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்தது, எஞ்சின் குளிர்ச்சியாக ஓடுகிறது. நோட்டில் அப்பாவின் வரிக்குக் கீழே தேதி போட்டு "ஏர் 1¼, நீடில் 4" என்று எழுதினேன். அவர் எழுத்தை அடிக்கவில்லை. அவருடைய பெட்ரோலுக்கு அது சரியான அளவு.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய வகை ரப்பரை இளக்கும். பெட்ரோல் டியூபையும் ஓ-ரிங்குகளையும் எத்தனால் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்கி மாற்றிவிட்டேன். கடைக்காரர்களிடம் வைட்டான் என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். பத்து நாளுக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் காக் வால்வை மூடி, கிண்ணத்தில் உள்ளது தீரும்வரை ஐட்லிங்கில் ஓடவிட்டு, தானாக நின்ற பிறகுதான் கொட்டகையைப் பூட்டுகிறேன். டேங்கை நிரப்பி வைக்கிறேன். காலி இடம் குறைந்தால் ஈரம் படியவும் துரு பிடிக்கவும் இடம் குறையும்.

காலைத் தொடக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை மறைக்கும் தகடு இல்லை. கூடுதல் பெட்ரோலுக்கான தனிச் சிறு வழி. ஆக்சிலேட்டர் முழுவதும் மூடியிருந்தால்தான் அந்த வழியில் உறிஞ்சும் விசை இருக்கும். சோக்கைப் போட்டுக்கொண்டே ஆக்சிலேட்டரையும் திருகி உதைப்பவர்கள் சோக்கின் பயனைத் தாங்களே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். நான் சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் கடத்தி, லீவரை விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரு முழு உதை. பெரும்பாலான காலைகளில் இரண்டாவது உதை தேவைப்படுவதில்லை.

இப்போது ஒரே ஒரு குறை இருக்கிறது. வேகமாகப் போகையில் ஆக்சிலேட்டரை விட்டு, வேகம் குறையும்போது சைலன்சரில் படபடவென்று சிறு வெடிச்சத்தம். போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டுவிட்டு, "அண்ணா, கார்புரேட்டரைப் பாருங்கள்" என்றான். சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் கையை நீட்டினால் புகை லேசாக விரலில் படுகிறது; அந்த வழியே வெளிக்காற்று உள்ளே போய் எரியாத பெட்ரோலோடு சேர்ந்து வெடிக்கிறது என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேக்கிங்கை மாற்றப்போகிறேன். கார்புரேட்டரைத் தொடப்போவதில்லை.